ஓடும் கடிகாரமும் செங்கோண முக்கோணமும்

இவ்வரிகளை வாசகர் படித்துக்கொண்டிருக்கும்பொழுதே, அவர் அறியாவண்ணம், கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்கள் பல அவருடைய உடலை ஊடுருவிச் சென்றுகொண்டிருக்கின்றன. கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியே நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு துகள் பாய்கிறது. எனவே, கையை விரித்து வானை நோக்கி நீட்டினால், ஒவ்வொரு நிமிஷமும் ஏறத்தாழ நூறு துகள்கள் அதனைத் துளைத்துச் செல்லும். இவற்றிற்கு மியூவான்கள் என்று பெயர். விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் காற்று மண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள அணுக்களைத் தாக்குவதன் விளைவாக, தரையிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் இவை தோன்றுகின்றன.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. மியூவான் நெடுநாள் வாழும் துகளன்று. ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால், அவற்றுள் 2.2 கூறே அதன் சராசரி ஆயுள். அதற்குள் அது சிதைந்து வேறு துகள்களாகிவிடுகிறது. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் இச்சிறு ஆயுளில் அது கடக்கக்கூடிய தூரம் 660 மீட்டருக்கு மேற்படாது. அவ்வாறாயின், 15 கிலோமீட்டர் உயரத்திற் பிறந்தவற்றுள் பல நூறு கோடிகளில் ஒன்றுகூடத் தரையை எட்டுதல் அரிது. ஆயினும் அவை நம் உள்ளங்கையை வந்தடைகின்றன. எவ்வாறு?

இக்கேள்விக்கு விடை தருவது ஓர் எண். பௌதிக நூல்கள் அதனை லாரென்ட்ஸ் காரணி என்று வழங்குகின்றன. காரணி என்பது, ஓர் அளவை எத்தனை மடங்காக்க வேண்டும் என்பதைக் காட்டும் எண்ணே ஆகும். கிரேக்க மொழியின் மூன்றாம் எழுத்தாகிய காமாவால் அதனைக் குறிப்பது வழக்கம். சார்புக் கொள்கை என்ற பெயரைக் கேட்டவுடனேயே, அது உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்கே விளங்கும் என்ற பேச்சும் உடன் எழுவதுண்டு. இப்பேச்சினால் முயன்று பாராமலே ஒதுங்கிய மாணவர் பலர். இக்கட்டுரையாளரும் கல்லூரி நாட்களில் அவ்வாறு ஒதுங்கியவரே. பிற்காலத்தில், அலுவல் நிமித்தமாக இப்பொருள் பற்றிய பக்கங்கள் சிலவற்றைத் தமிழாக்க நேர்ந்தது. பொருள் விளங்காமல் மொழிபெயர்த்தல் இயலாதாகையால், தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. பள்ளியிற் பயின்ற பிதாகரஸ் தேற்றத்துக்கு மேற்பட்ட கணிதம் எதுவும் தேவைப்படவில்லை. அந்தக் கணக்கையே இங்கு வாசகரோடு சேர்ந்து மீண்டும் ஒருமுறை செய்து பார்ப்போம்.

இரண்டு கொள்கைகள்

கணக்கைத் தொடங்குமுன் நாம் ஒப்புக்கொள்ள வேண்டியவை இரண்டு.

முதலாவது, சீரான வேகத்தில் நேர்கோட்டில் செல்லும் ஒருவர், வெளியே பாராமல், தாம் செல்கின்றோமா நிற்கின்றோமா என்று எந்தச் சோதனையாலும் கண்டறிய முடியாது என்பது. இது புதிதன்று. 1632இல் கலீலியோ, அலையற்ற கடலிற் செல்லும் கப்பலின் மூடிய அறையை எடுத்துக்காட்டாகக் கூறி இதனை விளக்கியிருக்கிறார். குலுக்கலின்றி ஓடும் புகைவண்டியில் நாம் கோப்பையில் தேநீர் ஊற்றும்போது, அது வீட்டில் ஊற்றுவதைப் போலவே நேராக விழுகின்றது. பக்கத்துத் தண்டவாளத்து வண்டி நகரும்போது, நகர்வது நம் வண்டியோ என்று ஒரு கணம் மயங்குவதும் இதனாலேயே.

இரண்டாவது, வெற்றிடத்தில் ஒளியின் வேகம், அதனை அளப்பவர் எவ்வேகத்திற் சென்றாலும், ஒளியை உமிழும் பொருள் எவ்வேகத்திற் சென்றாலும், ஒரே அளவினது என்பது. அவ்வளவு வினாடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர், ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் என்று கொள்ளலாம்.

இவ்விரண்டாவது கொள்கையே நம் பழக்கத்துக்கு மாறானது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியில் ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கி நடந்தால், நிலையத்தில் நிற்பவருக்கு அவர் 65 கிலோமீட்டர் வேகத்திற் செல்பவராவார். ஒளிக்கு இக்கூட்டல் செல்லுபடியாவதில்லை. இது கற்பனையால் எட்டிய முடிவன்று. 1887இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கல்சன், மார்லி ஆகிய இருவரும், சூரியனைச் சுற்றி வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பூமியின் இயக்கத்தால் ஒளியின் வேகம் திசைக்குத் திசை மாறுபடும் என்று எதிர்பார்த்து மிக நுட்பமான சோதனை ஒன்றைச் செய்தனர். எதிர்பார்த்த விளைவில் இருபதில் ஒரு பங்குகூடக் காணப்படவில்லை. 1964இல் ஜெனீவாவிலுள்ள ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிலையத்தில் இன்னும் கடுமையான சோதனை நடந்தது. ஒளியின் வேகத்தில் 0.99975 பங்கு வேகத்தோடு பறக்கும் துகள்கள் சிதைந்து முன்னோக்கி உமிழ்ந்த கதிர்களின் வேகத்தை அளந்தபொழுது, அது ஒளியின் வழக்கமான வேகமாகவே இருந்தது. துகளின் வேகம் அதனுடன் சேரவில்லை.

ஒளிக் கடிகாரம்

இனி, எளிய கடிகாரம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு புகைவண்டிப் பெட்டியின் தரையில் ஒரு விளக்கு; அதற்கு நேர் மேலே கூரையில் ஓர் ஆடி. விளக்கிலிருந்து புறப்படும் ஒளித்துடிப்பு கூரையை அடையும் நேரத்தை நம் கால அலகாகக் கொள்வோம். இத்தகைய கருவியைக் கொண்டு சார்புக் கொள்கையை விளக்கும் முறையை 1909இல் லூயிஸ், டோல்மன் என்ற அமெரிக்க அறிஞர் இருவர் கையாண்டனர்.

வண்டிக்குள் இருப்பவர் காண்பது, நேர் மேலாகச் செல்லும் ஒளி. நிலையத்தில் நிற்பவர் காண்பது வேறு. ஒளி கூரையை அடைவதற்குள் வண்டி சிறிது முன்னே நகர்ந்துவிடுவதால், அவர் கண்ணுக்கு ஒளி சாய்வான பாதையிற் செல்கிறது. சாய்ந்த பாதை, செங்குத்துப் பாதையைவிட நீண்டது.

ஒரு பந்தை மேலே எறிந்தாலும் இதுவே அன்றோ நிகழும் என்று கேட்கலாம். ஆம், ஆனால் அங்கு ஒரு வேறுபாடு உண்டு. நிலையத்தில் நிற்பவருக்குப் பந்தின் பாதை நீண்டதாகத் தோன்றினாலும், வண்டியின் வேகமும் சேர்ந்துகொள்வதால் பந்தின் வேகமும் மிகுந்து தோன்றும். பாதை நீண்டது, வேகமும் கூடியது; ஆகவே நேரம் மாறுவதில்லை. ஒளியோ கூடுதல் வேகத்தை ஏற்பதில்லை. பாதை நீண்டது, வேகமோ அதுவே. எனவே நேரந்தான் நீள வேண்டும். இப்பொருளின் உயிர்நிலை இதுவே. மற்றவையெல்லாம் கணக்கே.

எண்களைக் கொண்டு ஒரு கணக்கு

ஒரு வினாடியை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு நானோ வினாடி எனப்படும். அந்நேரத்தில் ஒளி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் செல்லும். விளக்குக்கும் ஆடிக்கும் இடையே 120 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், வண்டிக்குள் இருப்பவருக்கு ஒளி ஆடியை அடைய 4 நானோ வினாடிகள் ஆகும்.

வண்டி, ஒளியின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு வேகத்தோடு ஓடுவதாகக் கொள்வோம். இத்தகைய வண்டி உலகில் இல்லை, கணக்குக்காகவே கொள்கின்றோம். அது ஒரு நானோ வினாடியில் 18 சென்டிமீட்டர் நகரும். நிலையத்தில் நிற்பவர் கடிகாரப்படி ஒளி ஆடியை அடைய 5 நானோ வினாடிகள் ஆகின்றனவா என்று சோதித்துப் பார்ப்போம். அந்நேரத்தில் வண்டி நகர்வது 90 சென்டிமீட்டர். ஒளி செல்வது 150 சென்டிமீட்டர். செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள் 90, 120, கர்ணம் 150. 90இன் வர்க்கம் 8,100, 120இன் வர்க்கம் 14,400, கூட்டினால் 22,500. அது 150இன் வர்க்கமே. கணக்குச் சரியாகப் பொருந்துகிறது.

ஆகவே, உள்ளே 4 நானோ வினாடிகள் கழிந்த அதே நிகழ்ச்சிக்கு, வெளியே 5 நானோ வினாடிகள் கழிந்துள்ளன. இவ்வேகத்துக்குரிய லாரென்ட்ஸ் காரணி 5/4, அதாவது 1.25. பள்ளிச் சிறுவரும் அறிந்த 3, 4, 5 என்ற முக்கோணமே இங்கு வந்து நிற்கிறது.

பொதுச் சூத்திரம்

எவ்வேகத்துக்கும் பொருந்தும் சூத்திரத்தை இனிப் பெறுவோம். ஒளியின் வேகத்தை ‘ஒ’ என்றும், வண்டியின் வேகத்தை ‘வ’ என்றும், வண்டிக்கு உள்ளே அளந்த காலத்தை ‘உ’ என்றும், புறத்தே நிலையத்தில் அளந்த காலத்தை ‘பு’ என்றும் குறிப்போம்.

உயரம் = ஒ × உ
வண்டி நகர்ந்த தூரம் = வ × பு
சாய்ந்த பாதையின் நீளம் = ஒ × பு

பிதாகரஸ் தேற்றத்தின்படி,

(ஒ × பு)² = (ஒ × உ)² + (வ × பு)²

‘பு’ வரும் உறுப்புக்களை ஒரு பக்கம் கொணர்ந்தால்,

பு² × (ஒ² − வ²) = ஒ² × உ²

இருபுறமும் ஒ² ஆல் வகுத்து, பின் வர்க்கமூலம் காண,

பு = உ ÷ √(1 − வ²/ஒ²)

உள்ளே அளந்த காலத்தைப் புறத்தே அளந்த காலமாக மாற்றும் பெருக்கு எண்ணே காரணியாதலால்,

காமா = 1 ÷ √(1 − வ²/ஒ²)

இதுவே லாரென்ட்ஸ் காரணி. வடிவியல் மொழியிற் சொன்னால், செங்கோண முக்கோணத்தின் கர்ணத்துக்கும் செங்குத்துப் பக்கத்துக்கும் உள்ள விகிதம், வேறொன்றும் அன்று.

இதன் மதிப்பு வேகத்தோடு எவ்வாறு மாறுகிறது என்பதைக் கீழ்க்காணும் அளவுகள் காட்டும். வேகம் ஒளிவேகத்தின் பங்காகத் தரப்பட்டுள்ளது.

வேகம் 0.5 — காமா 1.155
வேகம் 0.6 — காமா 1.25
வேகம் 0.8 — காமா 1.667
வேகம் 0.99 — காமா 7.09
வேகம் 0.999 — காமா 22.4
வேகம் 0.9999 — காமா 70.7

வேகம் ஒளிவேகத்தை நெருங்க நெருங்க, காரணி எல்லையின்றி வளர்கிறது. ‘வ’ என்பது ‘ஒ’வுக்குச் சமமாகுமாயின் வகுக்கும் எண் சுழியாகிவிடும், மிகுமாயின் வர்க்கமூலத்தினுள் குறை எண் வரும். பொருண்மையுடைய எப்பொருளும் ஒளிவேகத்தை எட்ட முடியாது என்ற முடிவின் அடையாளம் இச்சூத்திரத்திலேயே இருப்பதை வாசகர் காணலாம்.

அன்றாட வாழ்வில் இதனை நாம் ஏன் உணர்வதில்லை? மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்திற் பறக்கும் விமானத்துக்குக் காரணி 1ஐவிட மிகுவது, பத்து லட்சம் கோடியில் மூன்றரைப் பங்கு மட்டுமே. வேகத்தின் விளைவை மட்டும் கருதினால், ஓயாமற் பறக்கும் விமானத்தின் கடிகாரம் ஒரு வினாடி பின்தங்க ஏறத்தாழ 90,000 ஆண்டுகள் செல்லும்.

எழக்கூடிய ஐயங்கள்

இக்கணக்கைப் படிக்கும் வாசகருக்குச் சில ஐயங்கள் எழுதல் இயல்பு. மூன்றினை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதல் ஐயம்: வண்டி ஓடுவதால் பெட்டியின் உயரமே மாறிவிடாதா? மாறாது. சம உயரமுள்ள இரண்டு கம்பங்களின் உச்சியில் ஒவ்வோர் ஆணியைப் பொருத்தி, ஒன்றை நிலையத்தில் நாட்டி, மற்றொன்றை வண்டியில் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். ஓட்டத்தால் உயரம் குறையுமாயின், வண்டியின் ஆணி நிலையத்துக் கம்பத்தின் மேல் ஒரு கீறலை உண்டாக்கும். ஆனால், வண்டியிலிருப்பவர், ஓடுவது நிலையமே என்று கொள்ள உரிமையுடையவர். அவர் கணக்கில் குறைய வேண்டியது நிலையத்துக் கம்பம். கீறல் விழ வேண்டியது வண்டியின் கம்பத்தில். கீறல் எக்கம்பத்தில் உள்ளது என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இருக்க வழியில்லை. எனவே இயக்கத்துக்குச் செங்குத்தான நீளம் மாறாது என்பதே முடிபு.

இரண்டாவது ஐயம்: இது ஒளிக் கடிகாரத்துக்கு மட்டுமே உரிய குணமாக இருக்கலாம், கைக்கடிகாரமும் இதயத் துடிப்பும் ஏன் மெதுவாக வேண்டும்? முதற்கொள்கையை நினைவுகூர்க. வண்டிக்குள் ஒளிக் கடிகாரத்தின் அருகே கைக்கடிகாரம் ஒன்று இருக்கிறது. வண்டி நிற்கும்போது இரண்டும் ஒத்தோடுகின்றன. ஓடும்போது ஒன்று மெதுவாகி மற்றது மாறாமலிருந்தால், வெளியே பாராமலே தாம் ஓடுவதைப் பயணி கண்டறிந்துவிடுவார். அது முதற்கொள்கைக்கு மாறானது. ஆகவே எல்லாக் கடிகாரங்களும் ஒரே அளவில் மெதுவாக வேண்டும். பயணியோ தம் பெட்டிக்குள் எவ்வித வேறுபாட்டையும் உணரமாட்டார்.

மூன்றாவது ஐயம்: பயணியின் கண்ணுக்கு ஓடுவது நிலையமாயிற்றே, அவர் நிலையத்துக் கடிகாரமே மெதுவாகிறது என்பாரே, இருவரும் எங்ஙனம் மெய் கூறியவராதல் கூடும்? ஓடும் கடிகாரம் ஒன்றை, நிலையத்தின் இரு வேறு இடங்களிலுள்ள இரண்டு கடிகாரங்களோடு ஒப்பிட்டே அது மெதுவாகிறது என்று சொல்கின்றோம். அவ்விரண்டும் ஒரே கணத்தில் ஒரே மணியைக் காட்டுமாறு வைக்கப்பட்டவை என்பது நிலையத்தாரின் கூற்று. பயணி அதனை ஒப்புக்கொள்ளமாட்டார். தூரத்திலுள்ள இரு நிகழ்ச்சிகள் ஒரே கணத்தில் நிகழ்ந்தன என்பதே, சொல்பவரின் இயக்கத்தைச் சார்ந்தது. இதனைக் கண்டதே ஐன்ஸ்டைனின் பெருமை. பயணி திரும்பி வந்து ஒரே இடத்தில் இரு கடிகாரங்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுவாராயின், திரும்பியவர் அவரே ஆதலால் இருவர் நிலையும் ஒன்றன்று. அவருடைய கடிகாரமே குறைந்த காலத்தைக் காட்டும்.

பெயர் வந்த வரலாறு

இச்சூத்திரம் ஐன்ஸ்டைன் பெயரால் வழங்காமல் லாரென்ட்ஸ் பெயரால் வழங்குவது ஏன்? மைக்கல்சன், மார்லி சோதனையின் முடிவை விளக்க, 1889இல் அயர்லாந்தைச் சேர்ந்த ஃபிட்ஸ்ஜெரால்டும், 1892இல் அவரை அறியாமலே ஹாலந்து நாட்டு லாரென்ட்ஸும், ஓடும் பொருள்கள் ஓட்டத்தின் திசையிற் சுருங்குகின்றன என்ற கருத்தை வெளியிட்டனர். லாரென்ட்ஸ் அதனை மேலும் வளர்த்து, 1904இல் இக்காரணி இடம்பெறும் சமன்பாடுகளை அமைத்தார். அவற்றிற்கு லாரென்ட்ஸ் மாற்றங்கள் என்று 1905இல் பெயர் சூட்டியவர் பிரெஞ்சு கணித மேதை புவான்காரே. ஆனால், ஈதர் என்ற ஊடகம் எங்கும் நிறைந்துள்ளது என்றும், அதனூடே செல்வதாலேயே பொருள்கள் சுருங்குகின்றன என்றும் லாரென்ட்ஸ் கருதினார். அதே 1905இல், சுவிட்ஸர்லாந்தின் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய 26 வயது இளைஞர் ஐன்ஸ்டைன், ஈதர் என்ற ஒன்று தேவையே இல்லை என்றும், மேலே கண்ட இரு கொள்கைகளே போதும் என்றும் காட்டினார். சூத்திரம் பழையது, அதன் பொருள் புதியது.

அக்கட்டுரை ஜெர்மன் மொழியில் இருந்தது. அதனை ஆங்கிலம் அறிந்த மாணவர்க்கு எட்டச்செய்த முன்னோடிகளுள் நம் நாட்டவர் இருவர் உளர் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானக் கல்லூரியில் ஆசிரியர்களாக இருந்த மேகநாத் சாஹா, சத்தியேந்திரநாத் போஸ் ஆகியோர், ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் கட்டுரைகளை மொழிபெயர்த்தனர். 1920இல் அப்பல்கலைக்கழகம் அவற்றை நூலாக வெளியிட்டது. மகலனோபிஸ் வரலாற்று முன்னுரை எழுதினார். அன்று மூவருக்கும் முப்பது வயது நிரம்பவில்லை. உலகில் சிலருக்கே விளங்கும் என்று பேசப்பட்டதை, ஒரு பிறமொழியைக் கற்று, தம் மாணவர்க்காக அவர்கள் பெயர்த்துத் தந்தனர்.

மலையுச்சியில் ஒரு சோதனை

இனி, நாம் தொடக்கத்திற் கண்ட மியூவானுக்குத் திரும்புவோம். தானாகச் சிதையும் துகள், தன்னுள்ளேயே ஒரு கடிகாரத்தைக் கொண்டதாகும். எனவே அது வேகமாக ஓடும்போது, சார்புக் கொள்கையின்படி, சிதைவதற்கு நீண்ட காலம் எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வுண்மையை 1938இல் சுட்டிக்காட்டியவர், அப்போது கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஹோமி பாபா ஆவார். 1941இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ராஸி, ஹால் ஆகியோர், உயர்ந்த இடத்திலும் தாழ்ந்த இடத்திலும் இத்துகள்களை எண்ணி, அது மெய்யே என்று காட்டினர்.

1963இல் வெளியான மற்றொரு சோதனை மிகவும் தெளிவானது. ஃபிரிஷ், ஸ்மித் என்ற இருவர், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில், சுமார் 1,910 மீட்டர் உயரமுள்ள வாஷிங்டன் மலையுச்சிக்குக் கருவிகளை எடுத்துச் சென்றனர். ஒளிவேகத்தில் 0.995 பங்கு வேகமுள்ள மியூவான்களை மட்டும் தேர்ந்து எண்ணியபோது, மணிக்கு ஏறத்தாழ 560 கிடைத்தன. உச்சியிலிருந்து கடல்மட்டத்துக்கு வர அவற்றிற்கு 6.4 மைக்ரோ வினாடிகள், அதாவது ஏறத்தாழ மூன்று ஆயுட்காலங்கள் தேவை. கடிகாரம் மெதுவாகாதாயின், மணிக்குச் சுமார் 30 மட்டுமே எஞ்சியிருக்க வேண்டும். கடல்மட்டத்தில் எண்ணியபோதோ 400க்கு மேற்பட்டவை வந்து சேர்ந்தன. அவ்வளவு எஞ்ச வேண்டுமாயின், துகள்களின் கடிகாரம் 8.8 மடங்கு மெதுவாக ஓடியிருக்க வேண்டும். காற்றில் வேகம் சிறிது குறைவதையும் கருதிச் சூத்திரம் கூறிய மதிப்பு 8.4. அளவீட்டின் பிழை எல்லைக்குள் இரண்டும் ஒத்தன.

மியூவானின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. அதன் கடிகாரம் வழக்கம்போலவே ஓடுகிறது. மலைதான் எதிரே விரைந்து வருகிறது. ஆயினும் 1,910 மீட்டர் உயர மலை, அதே காரணியால் வகுபட்டு, சுமார் 220 மீட்டராகச் சுருங்கி நிற்கிறது. அதனைக் கடக்க ஒரு மைக்ரோ வினாடியும் வேண்டியதில்லை. நம் கணக்கில் காலம் நீள்கிறது. அதன் கணக்கில் தூரம் சுருங்குகிறது. தரையைத் தொடும் மியூவான்களின் எண்ணிக்கையில் மட்டும் இருவர் கணக்கும் ஒன்றே.

பின்னர் ஜெனீவாவில், மியூவான்களை வட்டப் பாதையில் ஓடவிட்டு அளந்தனர். காரணி 29.3 ஆக இருந்தபோது, 2.2 மைக்ரோ வினாடி ஆயுள் 64 மைக்ரோ வினாடிகளாக நீண்டது. 1977இல் வெளியான அம்முடிவு, ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் சூத்திரத்தோடு ஒத்தது.

நம் நாட்டில் இக்காரணி

இச்சூத்திரம் நூல்களோடு நின்றுவிடவில்லை. நீலகிரியில், கடல்மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் அமைத்துள்ள கிரேப்ஸ்-3 என்னும் ஆய்வுக்கூடத்தில், 560 சதுர மீட்டர் பரப்புள்ள கருவி மியூவான்களை எண்ணுகிறது. இக்காரணி இல்லையேல், எண்ணுவதற்கு அங்கு மியூவான்கள் வந்து சேரமாட்டா.

மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில், ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில், 172 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட சுற்றளவுள்ள இண்டஸ்-2 என்ற வளையத்தில் எலெக்ட்ரான்கள் சுழல்கின்றன. ஓடும் துகளின் முழு ஆற்றலை, அது நிலையாக இருக்கும்போதுள்ள ஆற்றலால் வகுத்தால் கிடைப்பதும் இதே காரணிதான். எலெக்ட்ரானின் நிலை ஆற்றல் 0.511 மெகா எலெக்ட்ரான் வோல்ட். வளையத்தில் அது பெறும் ஆற்றல் 2,500 மெகா எலெக்ட்ரான் வோல்ட். வகுத்தால் ஏறத்தாழ 4,900. இத்தகைய கருவிகளை வடிவமைக்கும் பொறியியலாளர் இக்காரணியை ஒவ்வொரு நாளும் கையாள வேண்டியவராவார்.

வழிகாட்டும் துணைக்கோள்களிலும் இதன் ஆட்சி உண்டு. நாவிக் திட்டத்துக்காக 2013 முதல் இந்தியா செலுத்திய துணைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், வினாடிக்கு ஏறத்தாழ 3.07 கிலோமீட்டர் வேகத்திற் சுற்றுமாறு அமைக்கப்பட்டவை. சூத்திரத்தில் இவ்வேகத்தை இட்டால், அணுக்கடிகாரம் நாளொன்றுக்கு நான்கரை மைக்ரோ வினாடி பின்தங்கும் என்று காணலாம். அந்நேரத்தில் ஒளி 1.3 கிலோமீட்டருக்கு மேல் சென்றுவிடும். உயரத்தில் புவியீர்ப்புக் குறைவதால் கடிகாரம் விரைவாக ஓடும் விளைவு இதனினும் பெரியது. அது பொதுச் சார்புக் கொள்கையின்பாற்படும். இவ்விரண்டையும் கணக்கில் கொள்ளாவிடில், துணைக்கோள் காட்டும் இடம் நம்பத்தக்கதாக இராது.

முடிவுரை

தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு இப்போது வாசகரே விடை கூற இயலும். ஒளிவேகத்தில் 0.999 பங்கு வேகமுள்ள மியூவானுக்குக் காரணி 22.4. அதன் 660 மீட்டர் எல்லையை இதனாற் பெருக்கினால் ஏறத்தாழ 14.8 கிலோமீட்டர். பிறந்த இடத்திலிருந்து தரைக்கு உள்ள தூரமும் ஏறத்தாழ அதுவே.

இக்கட்டுரையைப் படித்த மாணவர்கள், இதனோடு நில்லாமல், ஒரு தாளை எடுத்து முக்கோணத்தைத் தாமே வரைந்து பார்ப்பாராக. வேகம் 4/5 எனில் காரணி 5/3 என்பதும், 12/13 எனில் 13/5 என்பதும் அதிலிருந்தே தெளிவாகும். பின்வரும் நுணுக்கங்களைக் கற்க ஆண்டுகள் பல வேண்டும் என்பது மெய்யே. ஆனால் வாயிலைக் கடக்கப் பள்ளிக் கணிதமே போதும். அதனைத் தாமே கடந்து பார்த்தவர், சிலருக்கே விளங்கும் என்ற பேச்சுக்கு இனி அஞ்சமாட்டார்.